கணவாய்ச் சக்கரம் இறங்கிய தடம்

பெயர் ஒராஸ்கான். தகப்பனார் பெயர் திலேவ்பாய். வயது எழுபத்திரண்டு. தொழில் கால்நடை மேய்ப்பது. இருப்பிடம் பயன்-ஒல்கி மாகாணம், சாரிபுலாக் பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் மண்வீடு, கோடையில் எங்கே புல்லோ அங்கே கூடாரம். வாகனம் பிளனெட்டா என்னும் பழைய ரஷ்ய மோட்டார் சைக்கிள். இந்த வழக்கில் கைதான பெக்கேனை எனக்கு வாலிபத்திலிருந்து தெரியும். அவருக்கும் எனக்கும் உறவு இல்லை, பகையும் இல்லை. தடம் பார்த்துச் சொன்ன சைலாவ் என்பவரையும் அதே போலத் தெரியும். சைலாவும் பெக்கேனும் சம்பந்திகள். பெக்கேனின் மகளைத்தான் சைலாவின் மகனுக்குக் கட்டியிருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல உதவி ஆய்வாளர் நூர்ஜமால் எழுதுவதாக இருந்தது. நானே எழுதுகிறேன் என்று கேட்டேன். "எழுதுங்க தாத்தா, ஆனா இன்னிக்கே முடிக்கணும்" என்று அனுமதித்தார். ஆகவே இது என் கையெழுத்து. போன குளிர்காலத்தில் என் மருமகளிடம் கற்றுக்கொண்டது. சில எழுத்துகள் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருக்கின்றன. எல்லாம் ஒரே ஆள் எழுதியவைதான்.

வழக்கு, அஸ்கான் என்பவரின் சாம்பல் நிறப் பொலிகுதிரை காணாமல் போனது பற்றியது. ஆகஸ்ட் மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை அது கோக்தாஸ் கணவாயின் உச்சிக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அது அங்கே இல்லை. அன்று நான் என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் கணவாய்ச் சக்கரம் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். நீதிபதி வேறு ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டேன்.

மோட்டார் சைக்கிளில் பின் டயர்தான் முதலில் தேயும். தள்ளுகிற வேலை அதனுடையது. சரளையில் ஓடி ஓடி நடுப்பகுதி தட்டையாகி, வாசற்படி போல வழவழப்பாகிவிடும். முன் டயர் தேய்வது வேறு மாதிரி. நடுவில் பட்டன், அதாவது ரப்பர் மேடுகள், நன்றாக இருக்கும், ஓரங்கள் ரம்பப் பல் போல ஆகியிருக்கும். கை வைத்து ஒரு பக்கமாகத் தடவினால் மென்மை, மறுபக்கமாகத் தடவினால் கீறும். பின்னால் இரண்டு டயர் மாற்றும் காலத்துக்கு முன்னால் ஒன்று தாங்கும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள் ஒரு தீக்குச்சியை நிறுத்துவோம். மருந்துத் தலை முழுக்க உள்ளே மறைந்தால் கணவாய் ஏறலாம். தலை வெளியே தெரிந்தால் ஏறக்கூடாது. தெரிந்தும் ஏறியவர்கள் உண்டு. என் தம்பியின் முழங்கால் இன்றும் மடங்காது.

எங்கள் பக்கம் எல்லார் டயரும் முக்கால்வாசி நேரம் மொட்டைதான். ஆகவே கணவாய்க்கென்று ஒரு நல்ல சக்கரத்தைப் பொதுவாக வைத்திருக்கிறோம். பிளனெட்டாவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு, கழற்றி மாற்றி மாட்டலாம். கணவாயின் இரண்டு அடிவாரத்திலும் கம்பம் நட்டிருக்கிறது. இந்தப் பக்கம் ஓடைக்கரையில், அந்தப் பக்கம் பெக்கேன் வீட்டு முற்றத்தில். கடப்பவர் தன் மொட்டைச் சக்கரத்தைக் கழற்றி முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு, கணவாய்ச் சக்கரத்தை மாட்டிக் கடந்து, மறுபக்கக் கம்பத்தில் தொங்கவிட்டு, தன்னுடையதை மாட்டிக்கொண்டு போவார். பூட்டு கிடையாது.

நல்ல சக்கரம் முன்னாலா பின்னாலா என்பதில் சைலாவுக்கும் பெக்கேனுக்கும் சம்பந்தம் பேசுவதற்கு முன்பிருந்தே தகராறு. கல்யாணப் பந்தியில் கூட அதைத்தான் பேசினார்கள்.

"ஏறும்போது பின்னாடி பிடிக்கலைன்னா வண்டி எங்கய்யா போகும்? உன் மாமியார் வீட்டுக்கா?" என்பார் சைலாவ்.

"பின்னாடி வழுக்கினா உட்கார்ந்த இடம்தான் அழுக்காகும். முன்னாடி வழுக்கினா பல்லு போகும். பல்லுக்கு ஏதுய்யா ஸ்டெப்னி?" என்பார் பெக்கேன்.

கடைசியில் மற்றவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஏறும்போது நல்ல சக்கரம் பின்னால். உச்சியில் கற்குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, டீ குடித்து, அதைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொண்டு இறங்குவது. எல்லாரும் அப்படியே செய்கிறோம், பெக்கேனைத் தவிர. அவர் மட்டும் ஏறும்போதும் முன்னால்தான் போடுவார். அவர் ஏறுவதைப் பார்த்தால் ஆடு வழுக்குப் பாறையில் ஏறுவது போல இருக்கும். ஆனாலும் மாற்றிக்கொள்ள மாட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை காலை, டவுனில் இருக்கும் என் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். பள்ளத்தாக்கில் யாரும் இல்லை, எல்லாரும் மேய்ச்சலுக்குப் போயிருந்தார்கள். ஓடைக்கரைக் கம்பத்திலிருந்து கணவாய்ச் சக்கரத்தை எடுத்துப் பின்னால் மாட்டினேன். நான் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. அதன் பிறகு ஏறினேன். ஏறும் பக்கம் முழுவதும் தட்டைக் கல், தடம் விழாது.

பாதி வழியில் மூடுபனி வந்தது. மேலே போகப் போக வெள்ளை கூடியது. எஞ்சின் சத்தம் எனக்கு முன்னால் எங்கேயோ இன்னொரு வண்டி போவது போலக் கேட்டது. உச்சியில் கற்குவியல் திடீரென்று ஒரு ஒட்டகம் எழுந்து நிற்பது போல எதிரே வந்தது. நிறுத்தினேன். எஞ்சின் அணைந்ததும் உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. நானும் வண்டியும் பிளாஸ்க்கும் மட்டும் இருந்தோம்.

அதன் பிறகு டீ ஊற்றிக் குடித்தேன். அதன் பிறகு கணவாய்ச் சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஈர டயர், கறுப்பாக மின்னியது. அப்போதுதான் அதன் பக்கவாட்டில் எழுத்து இருப்பதைப் பார்த்தேன். எத்தனையோ தடவை தொட்ட டயர். எழுத்து முன்பும் அங்கேதான் இருந்தது.

படிக்கத் தொடங்கினேன். விரலை வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றிச் சுற்றிப் படித்தேன். பனியில் எழுத்துகள் நனைந்து, மேடு மேடாக, விரலுக்கும் தெரிந்தன, கண்ணுக்கும் தெரிந்தன. அளவு எண் ஒன்று இருந்தது. காற்று எவ்வளவு என்று ஒன்று. ஒரு சிறு முக்கோணம் இருந்தது. அதற்கு நேரே பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு குட்டி மேடு. தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டுக்குச் சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தமாக இருக்க வேண்டும். எங்கள் தீக்குச்சியை டயர் செய்தவனும் உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வெள்ளைக்குள் என் சிரிப்பு கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது.

அதன் பிறகு இரண்டு அம்புக்குறிகளைப் பார்த்தேன். ஒன்று இந்தப் பக்கம் பார்த்தது, மற்றொன்று எதிர்ப்பக்கம் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு சொல். எழுத்து நாங்களும் ரஷ்யர்களும் பொதுவாக எழுதும் எழுத்துதான், சொல் ரஷ்யச் சொல். கூட்டிக் கூட்டிப் படித்தேன். சந்தையில் கேட்டுப் பழகிய சொற்கள்தான். ஒன்று முன், மற்றொன்று பின். அதாவது இந்த டயரைப் பின்னால் போட்டால் ஒரு பக்கமாகச் சுற்ற வேண்டும், முன்னால் போட்டால் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். நாங்களோ சக்கரத்தை அப்படியே தூக்கி முன்னால் மாட்டுவோம், டயரைத் தொடமாட்டோம். இத்தனை வருடமும் இறங்கும்போதெல்லாம் தலைகீழாக இறங்கியிருக்கிறோம்.

எழுத்து சொன்னதைச் செய்துபார்க்க ஆசை வந்தது. லீவர் இரண்டு எடுத்து, டயரை ரிம்மிலிருந்து கழற்றி, திருப்பிப் போட்டு, டியூபைச் சரிசெய்து, பம்பில் காற்றடித்தேன். அவசரம் எதுவும் இல்லை. பனி எங்கும் போவதாக இல்லை. அதன் பிறகு சக்கரத்தை முன்னால் மாட்டினேன்.

மாட்டி நிமிர்ந்தபோது ஒரு குதிரை வந்தது. சாம்பல் நிறம். கழுத்தில் கயிறு இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. பனியிலிருந்து பனி பிரிந்து நடப்பது போல வந்து, என்னைத் தாண்டி, மேற்கே போனது. குளம்புச் சத்தம் கேட்டதாக நினைவில்லை. அது என்னைப் பார்க்கவும் இல்லை. எங்கே போக வேண்டும் என்று தெரிந்த முகம். அது கனவா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று காலை எல்லாமே அப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு இறங்கினேன். பெக்கேன் வீட்டுக்கு மேலே ஓடை பரவி, நல்ல சேறு. முன் சக்கரம் சேற்றைப் பிடித்துக்கொண்டு போனது. எழுத்து சொன்னது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சேற்றில்தான் என் தடம் விழுந்தது.

பெக்கேன் வீட்டில் யாரும் இல்லை. அவர் ஆடுகளோடு ஆற்றோரம் போயிருக்க வேண்டும். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே போய், அவர் பிளாஸ்க்கிலிருந்து ஒரு கிண்ணம் உப்பு டீ ஊற்றிக் குடித்தேன். ஆள் இல்லாத வீட்டில் டீ குடித்தவர், கிண்ணத்தைக் கழுவிக் கதவுப் பக்கம் கவிழ்த்து, அதன் கீழே தன்னிடம் உள்ளதில் ஏதாவது ஒன்றை வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். யார் என்று சொல்லத் தேவையில்லை, விருந்தாளி வந்தார் என்று தெரிந்தால் போதும். நானும் வைத்தேன். அதன் பிறகு முற்றத்தில் கணவாய்ச் சக்கரத்தைக் கழற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டு, என் சக்கரங்களை மாட்டிக்கொண்டேன். டயரைப் பழையபடி திருப்பவில்லை. பெக்கேனைப் பார்க்கும்போது அம்புக்குறியைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதன் பிறகு சரளைச் சாலையில் டவுனுக்குப் போய்விட்டேன். மகள் வீட்டில் தங்கிவிட்டேன். பேரப்பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் அங்கே இருந்தன.

திரும்பி வந்தது நேற்று. பெக்கேன் வீட்டு முற்றத்தில் கம்பம் வெறுமையாக நின்றது. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் சைலாவ்.

"உங்க சம்பந்தி எங்க?" என்று கேட்டேன்.

"லாக்கப்ல" என்றார்.

"யார் போட்டது?"

"நான்தான்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார். அஸ்கான் அவரைத் தடம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். கணவாய்ச் சக்கரத்தின் தடத்தில் அம்பு அம்பாக வரும் கூர்முனை, வண்டி போன திசையைக் காட்டும். அதை எங்கள் பக்கம் எல்லாரும் அறிவோம். சேற்றில் அந்தக் கூர்முனைகள் பெக்கேன் வீட்டிலிருந்து கணவாயை நோக்கி ஏறிப் போயிருந்தன. சக்கரமோ பெக்கேன் முற்றத்தில் சேறு காயாமல் தொங்கியது.

"அது மட்டும்னா கூட யாரோ எடுத்துட்டுப் போனான்னு விட்டிருப்பேன்" என்றார் சைலாவ். "நல்ல டயர் தடத்து மேல மொட்டை டயர் தடம் படிஞ்சிருந்துச்சு ஒராஸ்கான். நல்லது முன்னாடி, மொட்டை பின்னாடி. நல்ல சக்கரத்த முன்னாடி போட்டுக்கிட்டு மேட்டுல ஏறுற பிடிவாதக்காரன் இந்தப் பக்கத்துல எத்தனை பேர் இருக்கான்?"

அவர் அடுத்த ஆட்டுக்கு வாளியை நீட்டினார்.

"அந்த ஆளு என்ன சொன்னான் தெரியுமா? அன்னிக்கு வீட்டை விட்டு ஆத்தங்கரைக்குத் தவிர எங்கயும் போகலையாம். யாரோ விருந்தாளி வந்து டீ குடிச்சிருக்கானாம், கிண்ணம் கவுந்திருந்துச்சாம். யாருன்னா தெரியாதாம். வந்தவன் தடம் எங்கய்யான்னு கேட்டாங்க. கீழ வர்ற தடமே இல்ல. மேல போற தடம்தான் இருக்கு. திரும்பும்போது இவன் சேத்த விட்டுக் கல்லு மேல சுத்தி இறங்கியிருப்பான்னு எழுதிக்கிட்டாங்க. என்னக் கேட்டாங்க. நான் பொய் சொல்லணுமா? என் மருமக மூணு நாளா எனக்குச் சோறு போடுறா, பேச மாட்டேங்கிறா. தட்ட வைக்கிற சத்தத்துலயே தெரியுது."

அதன் பிறகு நான் டயரைத் திருப்பிப் போட்டதைச் சொன்னேன். அம்புக்குறி, இரண்டு சொல், பனி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். கணவாயைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுபது வருஷம் எழுத்து தெரியாமதான இருந்த?" என்றார். "இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா உனக்கு என்ன?"

அதன் பிறகு இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தோம். இன்று காலை உதவி ஆய்வாளர் கணவாய்ச் சக்கரத்தைச் சாட்சிப் பொருள் அறையிலிருந்து எடுத்துவரச் சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றி, என் வண்டியில் முன்னால் மாட்டி, என்னைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். சுவர்ப் பக்கமிருந்து வாசல் பக்கம் தள்ளினேன். சைலாவ் தொப்பியைக் கழற்றி, குனிந்து பார்த்தார். கூர்முனைகள் எல்லாம் சுவரைப் பார்த்தன.

"நீங்க எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்வீங்க?" என்று உதவி ஆய்வாளர் அவரிடம் கேட்டார்.

"கண்ண மூடிக்கிட்டு வந்திருந்தா, சுவத்துக்குள்ள போச்சுன்னு சத்தியம் பண்ணியிருப்பேன் தாயி" என்றார் சைலாவ். எழுந்திருக்கவில்லை. அந்தத் தடத்தைக் கையால் தொட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனால் இது போதாது என்று உதவி ஆய்வாளர் சொன்னார். டயரைத் திருப்பியவர் நான்தான் என்பதற்கும் அன்று அந்த வீட்டுக்கு வந்தவர் நான்தான் என்பதற்கும் வேறு என்ன இருக்கிறது, நண்பரைக் காப்பாற்ற நான் இப்படிச் சொல்வதாக வக்கீல் சொன்னால் என்ன பதில் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதன் பிறகு ஏதோ நினைத்தவர் போல, "தாத்தா, கிண்ணத்துக்கு அடியில என்ன வச்சீங்க?" என்று கேட்டார்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். என் மருமகள் வழிக்கென்று கொடுத்த கடைசிச் சர்க்கரைக்கட்டியை டீயோடு வாயில் வைத்துக் கடித்துவிட்டேன். கடித்த பிறகுதான் கிண்ணத்தின் கீழ் வைக்க வேறு ஒன்றும் கையில் இல்லை என்று நினைவு வந்தது. வாயிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, கடித்த மூலை தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அப்படியே சொன்னேன்.

பெக்கேன் முதல் நாள் சொல்லச் சொல்ல எழுதிய தாளை அவர் எடுத்துப் பார்த்தார். அதன் பிறகு பெக்கேனைக் கூட்டிவரச் சொன்னார். பெக்கேன் இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார், சைலாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அன்று கிண்ணத்தின் கீழ் என்ன இருந்தது என்று இன்னொரு முறை சொல்லும்படி உதவி ஆய்வாளர் கேட்டார்.

"எத்தனை தடவம்மா சொல்றது? சர்க்கரைக்கட்டி. அதையும் எவனோ ஒரு நாய்க்குப் பிறந்தவன் கடிச்சிட்டு வச்சிருந்தான்."

"நான்தான்" என்றேன்.

பெக்கேன் என் வாயைப் பார்த்தார். "உனக்கு முன்பல்லு ஒண்ணுதானய்யா இருக்கு. அந்தக் கடியப் பார்த்தப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். அதன் பிறகு அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க சைலாவின் பக்கம் திரும்பி, "ஆட்டுக்குத் தண்ணி காட்டினவன் யாரு?" என்று கேட்டார்.

"நான்."

"கறுப்பாட்டுக்குக் கால்ல புண்ணு. பார்த்தியா?"

"மருந்து போட்டிருக்கேன்."

இவ்வளவுதான் சம்பந்திகள் பேசிக்கொண்டது. உதவி ஆய்வாளர் பெக்கேனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். குதிரை கிடைக்கும் வரை வழக்கு முடியாது, ஆனால் நான் எழுதி முடித்ததும் அவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆகவே பெஞ்சில் இருவரும் நான் எழுதி முடிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். "என்னய்யா, புத்தகமா எழுதுறான்?" என்று பெக்கேன் கேட்பது ஜன்னல் வழியாகக் கேட்கிறது. "இரு, இன்னும் உச்சிக்கே போயிருக்க மாட்டான்" என்கிறார் சைலாவ்.

குதிரையைப் பற்றி மேலே எழுதிய பத்தியை உதவி ஆய்வாளர் மத்தியானம் படித்தார். கனவு என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்து, எடுத்துவிட்டார். அந்தக் குதிரையை அஸ்கான் எங்கே வாங்கினார் என்று விசாரித்தார். மேற்கே, இரண்டு மலைக்கு அப்பால், அக்சு ஊற்றுப் பக்கத்து மந்தையில் பிறந்தது என்று பதில் வந்தது. அதன் பிறகு அந்த வட்டத்துக்குப் போன் செய்தார். நான் இந்த வரிக்கு முந்திய வரியை எழுதிக்கொண்டிருந்தபோது திரும்பப் போன் வந்தது. ஒரு சாம்பல் பொலிகுதிரை, கயிறு இல்லாமல், சில நாட்களாக அக்சு ஊற்றில் தான் பிறந்த மந்தையோடு நிற்கிறதாம். யாரும் ஓட்டி வந்ததாகத் தெரியவில்லையாம்.

"அது கனவு இல்லைன்னு எழுதிடுங்க தாத்தா" என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எழுதுகிறேன். அது கனவு இல்லை. கனவு போல இருந்தது என்பதும் உண்மை, ஆகவே முன்னால் எழுதியதை அடிக்கவில்லை.

இன்னும் ஒன்று. சக்கரத்தைச் சாட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளப் போவதில்லை, எடுத்துப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் நடுப்பகுதி தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் குட்டி மேட்டுக்கு இன்னும் ஒரு நகத்தின் கனம்தான் இருக்கிறது. இந்தக் குளிர்காலம் தாங்கும், அடுத்த வசந்தத்தில் புது டயர் வாங்க வேண்டும். டயரைப் பழையபடி போட்ட பிறகு அதுவரை யாரும் திருப்பக்கூடாது, முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் தடம் ஒரே மாதிரி விழட்டும் என்று சைலாவ் கேட்டுக்கொண்டார். சம்மதித்தேன். புது டயர் வந்ததும் அதன் பக்கவாட்டில் உள்ளதை மூவரும் உட்கார்ந்து முதலில் படிப்பது, அதன் பிறகு சண்டை போடுவது என்று பேசியிருக்கிறோம்.

இதில் உள்ளவை நான் செய்ததும் கண்டதும், சைலாவும் பெக்கேனும் என் காது கேட்கச் சொன்னவையும் ஆகும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. எழுதி முடித்ததை ஒருமுறை விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அன்று பெக்கேன் வீட்டுக்கு வந்த விருந்தாளி நான்தான். அந்தச் சர்க்கரையைக் கடித்தவனும் நான்தான்.

ஒப்பம்,
திலேவ்பாய் மகன் ஒராஸ்கான்